வலிக்கு ஏற்ற கை எது?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இராமாநுசர் அவதரித்த ஊர் என்பதே நம் முன்னோர்க்கு நினைவுக்கு வந்தது. இன்றோ தொழிற்சாலைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது. நம் கல்லூரி மாணவர் பலருடைய வீட்டில் தந்தையோ அண்ணனோ அக்காளோ இத்தகைய தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கின்றனர். மணிக்கணக்கில் நின்றபடி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்ற உடம்புக்கு இடுப்பு வலியும் தோள் வலியும் வருவதில் வியப்பில்லை. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

வலி வந்தவுடன் நாம் சொல்வது, "யாரிடமாவது காட்டிப் பிடித்துவிடச் சொன்னால் சரியாகிவிடும்" என்பதே. அந்த 'யாரிடமாவது' என்ற சொல்லில்தான் இடர் இருக்கிறது. உழைத்துப் பிழைப்பவனுக்கு உடம்பே மூலதனம். அதை யார் கையில் ஒப்படைப்பது என்பதை ஆராயாமல் முடிவு செய்யலாகாது.

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். நோயாளியின் நிலை, நோயின் தன்மை, காலம் ஆகிய மூன்றையும் கருதியே கற்ற மருத்துவன் செயற்பட வேண்டும் என்று வள்ளுவர் அங்கே கூறுகிறார். உடம்பைப் பிடித்துவிடுபவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் இம்மூன்றைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பது என் கருத்து.

பிடிப்பவர் பலவகை

முதலில், நமக்குக் கிடைக்கக்கூடியவர்கள் யார் என்று பார்ப்போம்.

ஊர்தோறும் சுளுக்கு எடுப்பவர் உண்டு. கால் முதலாகப் பிறந்தவர் காலால் நீவினால் சுளுக்குப் போகும் என்றும், இரட்டைப் பிள்ளை பெற்றவள் கைபட்டால் போகும் என்றும் நம்பிக்கைகள் உண்டு. இவர்களுள் சிலருக்கு நல்ல கைப்பழக்கம் இருக்கலாம். ஆனால் அது பிறப்பினால் வந்ததன்று, பழக்கத்தினால் வந்தது.

சித்த மருத்துவத்தில் இக்கலைக்குத் தொக்கணம் என்று பெயர். 32 வகைப் புறமருத்துவங்களுள் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று இதனை ஒன்பது வகையாகப் பிரித்துள்ளனர். எல்லா வலிக்கும் ஒரே பிடி போதாது என்பதை நம்மவர் அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பகுப்பே சான்று. இதனோடு உறவுடையது வர்மக் கலை. கன்னியாகுமரிப் பகுதி ஆசான்கள் பேணிக் காத்த அக்கலையில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 வர்மங்கள் சொல்லப்படுகின்றன. சித்த மருத்துவப் பட்டம் பெற ஐந்தரை ஆண்டுகள் பயில வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவர் மற்றொரு வகையினர். இவர்களும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பட்டப்படிப்புப் பயின்றவர்கள். பிடித்துவிடுவது இவர்களுடைய பணியில் ஒரு சிறு பகுதியே. மூட்டும் தசையும் எப்படி இயங்குகின்றன என்று சோதித்து, உடற்பயிற்சி கற்பிப்பதே முதன்மையான பணி. இவர்களன்றி இயற்கை மருத்துவம், ஆயுர்வேதம் பயின்றோரும் உள்ளனர். இறுதியாக, அலுப்புத் தீர எண்ணெய் தேய்க்கும் மசாஜ் நிலையங்கள் இருக்கின்றன. அலுப்புக்கு அங்கே போவதில் தவறில்லை. நோய்க்குப் போவதுதான் தவறு.

ஜப்பானில் மசாஜ் செய்வதற்கென்றே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வழங்குகின்றனர். அரசுத் தேர்வில் தேறினால்தான் அத்தொழில் செய்யலாம். நம் நாட்டில் அதற்கென்று அப்படித் தனித்தேர்வு இல்லை. ஆகவே 'தெரபிஸ்ட்' என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், இவர் எந்தத் துறையில் எத்தனை ஆண்டு பயின்றார், எங்கே பதிவு செய்துள்ளார் என்று கேட்டறியும் பொறுப்பு நம்மையே சார்கிறது.

நோயின் தன்மை

என் அண்ணன் ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். இடுப்பு வலிக்காக மூன்று இடங்களுக்குப் போனார். மூவரும் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்தனர். ஒருவர் முதுகின்மேல் ஏறியும் மிதித்தார். பணம் போயிற்று, வலி போகவில்லை. நான்காவதாகச் சென்ற இடத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் தொடுவதற்கு முன் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். "வலி காலுக்கு இறங்குகிறதா? பாதம் மரத்துப் போகிறதா? சிறுநீர் கழிப்பதில் தடை உண்டா? இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா? காய்ச்சலோ உடல் மெலிவோ உண்டா?" என்று கேட்டார். இவற்றின் பொருளை நான் பின்னர்ப் படித்தறிந்தேன்.

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றமோ, தொடைகளின் நடுவே மரமரப்போ தோன்றினால் முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று ஐயுற வேண்டும். அது அறுவை மருத்துவருடைய வேலை. ஒரு நாளும் தாழ்த்தக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லும் அபாயம் உண்டு. காய்ச்சலோடு கூடிய முதுகு வலியும் கைவைக்கும் வலியன்று.

கழுத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முடிவெட்டும் கடைகளில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கும் வழக்கம் இருக்கிறது. மூளைக்குச் செல்லும் தமனிகள் கழுத்தெலும்பின் ஊடே போகின்றன. திடீரென்று திருப்பினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். இது அரிதே, வந்தாலோ வாழ்நாள் முழுவதும் துன்பம். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப், அழகு நிலையத்தில் கழுத்தைப் பின்னோக்கி வளைத்துத் தலை கழுவியபின் பக்கவாதம் கண்ட ஐவரைப் பற்றி எழுதினார். வளைத்ததற்கே அப்படியென்றால், முறிப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நோயாளியின் நிலை

ஒருவருக்கு ஏற்றது மற்றொருவருக்கு ஏலாது. நீரிழிவு முற்றியவர்க்குப் பாதத்தில் உணர்வு குன்றியிருக்கும். சூடான எண்ணெய் பட்டாலும் சுடுவது தெரியாது, கொப்புளம் கண்டபின்தான் தெரியும். இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்பவர்க்கு அழுத்திப் பிடித்தால் உள்ளே குருதி கசியும். முதியவர்க்கு எலும்பு மெலிந்திருக்கும். கருவுற்ற பெண்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் செல்லலாகாது. எண்ணெயின் பெயரையும் கேட்க வேண்டும். சித்த மருத்துவத்தில் வழங்கும் விடமுட்டித் தைலத்தில் எட்டிக்கொட்டை சேர்கிறது, அது நச்சுப்பொருள். அறிந்தவர் கையில் அது மருந்து. புண்பட்ட தோலில் தேய்த்தால் தீங்கு.

சகோதரிகளுக்கு ஒரு சொல். பெண்ணுக்குப் பெண்ணே சிகிச்சை செய்ய வேண்டும் என்று கேட்பது நாணத்தினால் மட்டுமன்று, அது உரிமை. துணைக்கு ஒருவர் அறையில் இருக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எந்த ஆடையை எதற்காக நீக்க வேண்டும் என்று விளக்காதவரிடமும், "போதும்" என்றதும் கையை எடுக்காதவரிடமும் மறுமுறை போக வேண்டாம்.

காலம்

கால் பிசகிய அன்றே உருவிவிடுவது நம் வழக்கம். உள்ளே தசைநார் கிழிந்து வீங்கிக்கொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்கள் அழுத்தி நீவுவதற்கு ஏற்ற காலமல்ல. ஓய்வும் குளிர் ஒத்தடமும் போதும். காலை ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

நாட்பட்ட வலிக்கு நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மசாஜினால் கீழ்முதுகு வலி சில காலம் குறையலாம், ஆனால் அதற்குரிய சான்று வலுவற்றது என்பதே அத்தொகுப்பு கண்ட முடிவு. 2023ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மசாஜை அது ஒதுக்கவில்லை; உடற்பயிற்சி, வலியைப் பற்றிய அறிவு ஆகியவற்றோடு சேர்த்து ஒன்றாக வைத்தது. ஆகவே, "பத்து முறை வந்தால் வேரோடு போய்விடும்" என்று உறுதி கூறுபவரைவிட, "இரண்டு மூன்று முறை பார்ப்போம், குறையாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புகிறேன், வீட்டில் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள்" என்பவரே நம்பத்தக்கவர்.

எங்கே போவது?

பணம் மிகுதியாகச் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இயன்முறைப் பிரிவும் சித்த மருத்துவப் பிரிவும் உள்ளன. தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்வோர் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் செய்வது அதற்காகத்தானே?

எங்கே சென்றாலும் ஐந்து கேள்விகளைக் கேட்க மறவாதீர்கள். என்ன படித்தீர்கள்? என் வலிக்குக் காரணம் என்னவென்று கருதுகிறீர்கள்? என்ன செய்யப் போகிறீர்கள்? எத்தனை முறை வர வேண்டும், கட்டணம் என்ன? எந்த நிலையில் எனக்கு இதைச் செய்யக் கூடாது? முதல் நான்குக்கும் யாரும் விடை கூறிவிடுவர். ஐந்தாவதற்குத் தயங்காமல் விடை சொல்லத் தெரிந்தவரிடமே உடம்பைக் கொடுக்கலாம். எங்கே தொட வேண்டும் என்பதைப் பழக்கம் கற்றுத்தரும். எப்போது தொடக்கூடாது என்பதைப் படிப்பே கற்றுத்தரும்.