வெள்ளி நிற லாப்ரடார்

லாப்ரடார் நாயை அறியாதார் இந்நாளில் அரியர். விமான நிலையங்களில் காவலரோடு மோப்பம் பிடித்துச் செல்லும் நாய்களுள் பல இவ்வினத்தவை. இங்கிலாந்தின் கென்னல் கழகம் 1903ஆம் ஆண்டில் இதனைத் தனியினமாக ஏற்றது. கறுப்பு, மஞ்சள், சாக்லேட் எனப்படும் அடர்பழுப்பு ஆகிய மூன்றே இதற்கு உரிய நிறங்கள். ஆனால், 1950களில் அமெரிக்காவில் வேறொரு நிறமும் தோன்றியது. வளர்ப்போர் அதற்கு ‘வெள்ளி’ என்று பெயரிட்டனர். உள்ளபடி அது பழுப்புச் சாயல் கொண்ட சாம்பல் நிறமே. விலை பேசும்போது சாம்பல் என்னும் சொல் எடுபடாது போலும்!

இந்நிறம் எங்ஙனம் உண்டாகிறது? மெண்டலின் பட்டாணிச் செடிகளை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே விதிதான் இங்கும். மெலனின் என்னும் நிறமி மயிரில் சீராகப் பரவினால் நிறம் அடர்ந்து தோன்றும். அதனைப் பரப்பும் மரபணு மாறியிருந்தால், நிறமி ஆங்காங்கே திரண்டு நிற்கும், நிறம் வெளிறும். இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்ற குட்டியே வெளிறிப் பிறக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற நாய் பிற நாய்களைப் போலவே தோன்றும். ஆயினும் அம்மரபணுவைத் தன்னுள் சுமந்து செல்லும். அத்தகைய இரு நாய்கள் இணைந்தால், சராசரியாக நான்கு குட்டிகளுள் ஒன்று வெளிறியதாக இருக்கும். சாக்லேட் நிறம் வெளிறினால் வெள்ளி. கறுப்பு வெளிறினால் கரி நிறம்.

அம்மரபணு லாப்ரடாருக்குள் எவ்வாறு புகுந்தது என்பதே வழக்கு. ஜெர்மனியின் வைமரனர் என்னும் வேட்டைநாய்க்குச் சாம்பலே இயல்பான நிறம். அவ்வினத்தோடு யாரோ மறைவாகக் கலப்புச் செய்தனர் என்பர் எதிர்ப்போர். இல்லையேல், இவ்வினத்தை நெடுங்காலம் பேணிய இங்கிலாந்தில் முன்பே இந்நிறம் தோன்றியிருக்க வேண்டாவா என்றும் வினவுவர். ஒடுங்கு பண்பு பல தலைமுறைகள் மறைந்திருக்க வல்லது என்பது ஆதரிப்போர் விடை. கறுப்பே சிறப்பென்று எண்ணிய காலத்தில் மஞ்சள் குட்டிகளும் விரும்பப்படவில்லை என்பதையும் அவர்கள் நினைவூட்டுவர். பதிவு பெற்ற முதல் மஞ்சள் லாப்ரடாரான ‘பென் ஆஃப் ஹைட்’ பிறந்தது 1899இல்தான். 1987இல் அமெரிக்கக் கென்னல் கழகம் வெள்ளிக் குட்டிகளை ஆராய்ந்து, அவை தூய இனமல்ல என ஐயுறக் காரணமில்லை என்று கூறியது. இன உரிமைச் சங்கத்தார் இன்றும் அதனை ஏற்றிலர். மரபணுச் சோதனையும் இவ்வழக்கைத் தீர்ப்பதில்லை. மாறிய மரபணு உண்டா என்று அது காட்டும், வந்த வழியைக் காட்டாது.

எனக்கு இவ்வழக்கினும் பெரிதாகத் தோன்றுவது குட்டிகளின் நலம். வெளிறிய நிறமுடைய நாய்களுள் சிலவற்றுக்கு, பிறந்த சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மயிர் உதிரத் தொடங்கும். தோல் வறண்டு புண்படும். இதனை முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை. மேலும், அரிய நிறம் என்று மிகுந்த விலை கிடைப்பதால், அந்நிறம் வேண்டி நெருங்கிய உறவுடைய நாய்களையே இணைக்கும் ஆசை எழும். அப்போது நிறத்தோடு, மறைந்திருந்த நோய்களும் வெளிப்படக்கூடும்.

வெள்ளை நிற ஜெர்மன் ஷெப்பர்டும் இவ்வாறே ஒதுக்கப்பட்டது. பின்னர்ச் சுவிட்சர்லாந்தில் தனியினமாக ஏற்கப்பட்டு, 2011இல் பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் முழு ஏற்பையும் பெற்றது. வெள்ளி லாப்ரடாருக்கோ தனிப்பெயர் இல்லை. அமெரிக்கப் பதிவேடு அதனைச் சாக்லேட் நிறம் என்றே எழுதிக்கொள்கிறது. கண்காட்சி அரங்கிலோ அதற்கு இடமில்லை.