மடியில் மறைந்திருக்கும் நோய்

ஆட்டின் மடி வீங்கவில்லை, பாலில் திரிதிரியாக எதுவும் இல்லை, ஆடும் நன்றாக மேய்கிறது. ஆனால் குட்டி மட்டும் தேறவில்லையா? அறிகுறி காட்டாத மடிநோயாக இருக்கலாம். பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள்தான் காம்பு வழியே உள்ளே போகின்றன.

கண்டுபிடிக்க எளிய வழி, கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை. முதல் பீச்சலை விட்டுவிட்டு, இரண்டு காம்புகளின் பாலையும் தட்டின் தனித்தனிக் குழிகளில் பீச்சுங்கள். அதே அளவு சோதனைக் கரைசலைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுள்ள பால் கொழகொழவென்று கட்டிக்கொள்ளும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. பாலை இப்படிக் கட்டவைக்கும் உயிரணுக்கள் வெள்ளாட்டுப் பாலில் இயல்பாகவே அதிகம். சினைப்பருவத்திலும் கறவை முடியும் காலத்திலும் இன்னும் கூடும். பசுவுக்கான கணக்கை அப்படியே போடக் கூடாது. லேசாகக் கெட்டிப்பட்டதுமே பயப்பட வேண்டாம். ஒரு காம்புப் பால் நீர்த்திருக்க, மற்றது மட்டும் கூழானால் சந்தேகம் வலுக்கும். செம்மறியாட்டில் இந்தக் குழப்பம் குறைவு.

நீங்களாகவே மருந்து வாங்கிப் போடாதீர்கள். சந்தேகப்படும் ஆட்டைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால் மாதிரியுடன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.