வாடகை பாக்கிக்காரர் அறங்காவலர் ஆகலாமா?

ஊர்க் கோயிலுக்குப் புதிய அறங்காவலர் குழு வந்த செய்தி பெரும்பாலும் சுவரொட்டியைப் பார்த்துத்தான் நமக்குத் தெரிய வருகிறது. மாலை மரியாதை எல்லாம் முடிந்த பிறகு, "கோயில் கடையை எடுத்துவிட்டு வாடகையே கட்டாத மனுஷன் ஆயிற்றே இவர்!" என்று டீக்கடையில் பேசுவோம். அதே பேச்சு நியமனத்துக்கு முன்பே மனுவாக உரிய அதிகாரியிடம் போயிருந்தால், அவரை நியமிக்கச் சட்டத்தில் இடமே இருந்திருக்காது.

நியமிப்பது யார்?

1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம் இதைக் கோயிலின் ஆண்டு வருமானத்தை வைத்துத் தீர்மானிக்கிறது.

• 10,000 ரூபாய்க்குக் குறைவு: உதவி ஆணையர்
• 10,000 முதல் 2 லட்சத்துக்குள்: இணை ஆணையர்
• 2 லட்சம் முதல் 10 லட்சத்துக்குள்: ஆணையர்
• 10 லட்சமும் அதற்கு மேலும்: மாநில அரசு

பரம்பரை அறங்காவலர் உள்ள கோயில்களுக்கு விதிகள் வேறு. தகுதியானவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க மாவட்டந்தோறும் அரசு ஒரு குழுவை அமைக்கிறது. 10,000 ரூபாயும் அதற்கு மேலும் வருமானமுள்ள கோயில்களில் அறங்காவலர் குழுவுக்கு 3 முதல் 5 பேர். அதில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் இன்னொருவர் பெண்ணாகவும் இருந்தே ஆக வேண்டும். பதவிக்காலம் 2 ஆண்டுகள். சம்பளம் கிடையாது.

யார் ஆக முடியாது?

இறை நம்பிக்கை, நன்னடத்தை, ஊரில் நல்ல பெயர், கோயில் வேலைக்கு ஒதுக்க நேரம் ஆகியவற்றைச் சட்டம் தகுதியாகக் கேட்கிறது. இவற்றை அளந்து பார்ப்பது கடினம். ஆனால் 26ஆம் பிரிவு சொல்லும் தகுதியின்மைகளைக் காகிதத்தைக் காட்டியே நிரூபிக்கலாம். 25 வயது நிறையாதவர், திவாலானவர், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், அந்தக் கோயிலிலேயே சம்பளம் வாங்குபவர் ஆகியோர் அறங்காவலர் ஆக முடியாது. கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவரும் ஆக முடியாது. பாக்கியே இல்லாவிட்டாலும், கோயில் நிலத்தையோ கடையையோ குத்தகைக்கு எடுத்திருப்பவருக்கும் கோயில் வேலையை ஒப்பந்தம் எடுத்திருப்பவருக்கும் இதே தடைதான். வாடகையை உயர்த்துவதா, குத்தகையை நீட்டிப்பதா என்று முடிவெடுக்கும் இடத்தில் குத்தகைதாரரே உட்கார்ந்தால் கோயில் சொத்து என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆபத்து எங்கே?

சிபாரிசு ஒன்று. "பதவி வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகர் இன்னொன்று. அப்படிக் கேட்பவர் அரசு ஊழியராக இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் செய்யலாம். இவை எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துகள். குழுவே அமைக்காமல், அதற்குப் பதிலாகக் கோயிலைக் கவனிக்கும் 'தக்கார்' ஒருவரை வைத்துக் காலம் தள்ளுவது யார் கண்ணிலும் அவ்வளவாகப் படுவதில்லை. தக்கார் இடைக்கால ஏற்பாடுதான். அது நீள நீள, ஊர்க்காரர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் சட்டம் தந்த இடம் காலியாகவே கிடக்கும். நிர்வாகக் குறையைச் சரிசெய்ய அரசு ஒரு கோயிலின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டாலும் அதைக் காலவரையின்றி வைத்திருக்க முடியாது என்று சிதம்பரம் கோயில் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என்ன செய்யலாம்?

நியமனத்துக்கு முன்: அறநிலையத் துறையின் இணையதளத்தையும் கோயில் அறிவிப்புப் பலகையையும் கவனியுங்கள். தகுதி இருந்தால் நீங்களே விண்ணப்பியுங்கள். தகுதியில்லாதவர் பெயர் அடிபட்டால், வாடகை நிலுவை விவரம், குத்தகை ஆவண நகல் போன்ற ஆதாரங்களுடன் நியமன அதிகாரிக்கு மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

தகவல் வேண்டுமென்றால்: அறநிலையத் துறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போட்டு, நியமன ஆணையின் நகலையும் கோயில் கடைகளின் வாடகை நிலுவைப் பட்டியலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

நியமனத்துக்குப் பின்: கணக்குக் காட்டாமல் இருப்பது, பணத்தைக் கையாடுவது, சொத்தைச் சட்டவிரோதமாகக் கைமாற்றுவது போன்ற காரணங்களுக்காக, விளக்கம் கேட்டு விசாரித்து அறங்காவலரை நீக்க 53ஆம் பிரிவு இடம் தருகிறது. தகுதியே இல்லாதவர் பதவியில் இருந்தால், எந்த அதிகாரத்தில் இருக்கிறார் என்று கேட்டு உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம்.

கோயிலில் வழிபடும் பழக்கம் உள்ளவரைச் சட்டமே 'அக்கறை உள்ளவர்' என்று ஏற்கிறது. பெரிய மனிதராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயிலின் தற்போதைய குழு எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டது என்று முதலில் விசாரியுங்கள். அதிலிருந்து 2 ஆண்டு முடிவதற்குள் மனுவும் விண்ணப்பமும் தயாராக இருக்கட்டும்.