நமது வைப்புப் பணம் எந்த வாசலுக்குப் போகிறது?

சீட்டுக் காசு கைக்கு வந்ததும், தையலில் மிச்சம் பிடித்த பணம் ஓர் இலட்சத்தைத் தொட்டதும், சகோதரிகள் பலர் கேட்கும் முதற் கேள்வி “எங்கே வட்டி கூட?” என்பதுதான். அந்தக் கூடுதல் வட்டியை யார் உழைத்துக் கட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

நிதிக் கம்பனியில் இடும் நிலையான வைப்பு பெட்டியில் பூட்டிக் கிடப்பதில்லை. வாகனக் குத்தகையாகவும் அடகுக் கடனாகவும் அது வெளியே போகிறது. சில கம்பனிகளில், கிராமத்துப் பெண்களிடம் கிழமைக்குக் கிழமை அறவிடும் நுண்கடனாகவும் போகிறது. யுத்தத்தின் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் கடன் என்ன செய்தது என்பதை நமது வாசகிகளுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். தவணைக்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் எத்தனை! 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியதாயிற்று. நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்ச வரம்பை மத்திய வங்கி விதித்ததும் அவ்வாண்டின் இறுதியில்தான். 2021 இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

ஆகவே, வைப்பிடு முன் கிளை முகாமையாளரிடம் கேளுங்கள்: நுண்கடன் கொடுக்கிறீர்களா? எத்தனை வீத வட்டிக்கு? தவணை தவறினால் என்ன செய்வீர்கள்? கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது. எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் போனது என்ற கணக்கை ஆண்டறிக்கையிலும் பார்க்கலாம்.

பங்குகள் வாங்க நினைப்பவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. கொழும்புப் பங்குச் சந்தையில் மதுபானக் கம்பனிகளின் பங்குகளும் விற்பனையாகின்றன. வட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு, 2011 இல் தொடங்கிய அமானா வங்கி இலாபப் பங்கீட்டு முறையில் வைப்பேற்கிறது.

நல்ல நோக்கம் மட்டும் பணத்தைக் காப்பாற்றாது. நிறுவனத்தின் பெயர் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் உண்டா என்று முதலில் பாருங்கள். அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால், வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. “ஆள் சேர்த்தால் காசு” என்பவர்களுக்கு அனுமதியே கிடையாது. அது சட்டப்படி குற்றம்.

எனக்குப் பிடித்தது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். 1906 இல் கண்டி மாவட்டத்தில் தொடங்கிய மரபு அது. வைப்பிடுபவரும் கடன் வாங்குபவரும் ஒரே ஊரார். ஆனால் கிராமச் சங்கத்து வைப்புக்கு மேற்சொன்ன காப்புறுதி இல்லை. எனவே ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பங்கை மட்டும் சங்கத்தில் இடுங்கள். வருடாந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் போய், கணக்கறிக்கையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.