நூல் மில்லில் ஃபேன் ஏன் எப்பவும் முழு வேகத்தில் ஓடணும்?

'ஸ்மார்ட் பில்டிங்'னு சொன்னதும் கண்ணாடி போட்ட ஐடி கம்பெனிக் கட்டடம்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நாம அங்க போகல. சூலக்கரையில இருக்கிறவங்களுக்கும் ராஜபாளையம், அருப்புக்கோட்டைக்காரங்களுக்கும் நல்லாத் தெரிஞ்ச ஒரு கட்டடம் இருக்கு. நூல் மில்.

நம்ம பக்கம் காற்றில் ஈரம் கம்மி. சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் நிலைச்சதுக்கு அது ஒரு காரணம். பஞ்சுக்கோ அந்த வறட்சி ஆகாது. காற்று காய்ந்தால் இழை அடிக்கடி அறும், பஞ்சுத்தூசி பறக்கும். அதனால பருத்தி நூற்கும் கூடத்தில் ஈரப்பதத்தை ஏறக்குறைய 55, 60 சதவீதத்தில் வைக்கிறாங்க.

ஒரு சின்ன வேடிக்கை. 1902-ல வில்லிஸ் கேரியர் நவீன ஏசியை வடிவமைச்சது மனுஷங்களுக்காக இல்லை, நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரிஞ்சு கலர் விலகினதுக்காக. 'ஏர் கண்டிஷனிங்'ங்கிற பேரை 1906-ல வச்சவர் ஸ்டூவர்ட் கிராமர், பஞ்சாலை இன்ஜினியர். அச்சும் நூலும், ரெண்டுமே நம்ம மாவட்டத் தொழில்!

சரி, மில்லில் நடக்கிறது என்ன? பெரிய ஃபேன்கள் காற்றை இழுத்து, தண்ணீர் தூவுற அறை வழியா கூடத்துக்குள்ள தள்ளும். தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிரும், ஈரமும் ஏறும். பழைய முறையில் ஆள் போய் தெர்மாமீட்டர் பார்த்து, பம்பையும் காற்றுக் கதவையும் கையால் மாத்துவார். ஃபேன் மட்டும் ராத்திரி பகலா முழு வேகத்தில் ஓடும்.

தானியங்கிக் கட்டுப்பாடு வந்தா, சென்சார் சொல்ற ஈரத்தையும் வெப்பத்தையும் பார்த்து விஎஃப்டி டிரைவ் ஃபேன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். காசு மிச்சமாகுற இடம் இதுதான். ஃபேனுக்குத் தேவையான மின்சாரம் வேகத்தோட மூணாம் படியில் மாறும். வேகத்தை 80 சதவீதமாக்கினா 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.512. கணக்குப்படி பாதி மின்சாரம் போதும். நடைமுறையில் மிச்சம் இதைவிடக் கொஞ்சம் குறையலாம்.

ஆனா சென்சார்மேல பஞ்சு படிஞ்சா அது தப்பாச் சொல்லும், கண்ட்ரோலரும் அதை அப்படியே நம்பும். நூல் அறுக ஆரம்பிச்சதும் ஷிஃப்டில் இருக்கிறவர் 'மேனுவல்'ல போட்டுடுவார். அப்புறம் அந்தப் பெட்டி சுவரில் சும்மா தொங்கும். கருவி வாங்குற பணத்தோட, சென்சாரைத் துடைச்சு சரிபார்க்க ஒரு ஆளுக்கும் பணம் ஒதுக்குங்க.

இன்னொண்ணு. ஃபேனைக் குறைக்கவும் ஒரு எல்லை வேணும். மெஷின் மோட்டார் விடுற சூட்டை வெளியேத்துறதும் அந்தக் காற்றுதான், எட்டு மணி நேரம் உள்ள நிக்கிற தொழிலாளிக்கு இருக்கிறதும் அந்தக் காற்றுதான். ஈரம் சரியா இருக்குன்னு மட்டும் பார்த்து வேகத்தை இறக்கினா அவங்க வெந்துடுவாங்க. குறைந்தபட்ச வேகத்தை முதல்லயே செட் பண்ணிடணும்.

விற்க வர்றவர் "இத்தனை சதவீதம் மிச்சம்"னு சொன்னா, எப்போ அளந்ததுன்னு கேளுங்க. மார்கழி ராத்திரி வர்ற கணக்கு வேற. கூரை காய்ற சித்திரை மதியம் ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும், ஓடவும் வேணும்.