மனச்சிதைவு நோயும் புகைப் பழக்கமும்

மனச்சிதைவு நோயுற்றோரிடையே புகைப் பழக்கம் ஏனையோரிடம் உள்ளதைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. பீடியோ சிகரெட்டோ எரியும்பொழுது எழும் புகையிலுள்ள சில ஹைட்ரோகார்பன்கள், மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியைக் கல்லீரலில் பெருக்குகின்றன. இதனால் இந்நோய்க்கு அளிக்கப்படும் குளோஸபின், ஓலன்ஸபின் ஆகிய மருந்துகள் விரைவில் சிதைந்து, இரத்தத்தில் அவற்றின் அளவு குறைகிறது. இதற்குக் காரணம் புகையே, நிகோடின் அன்று.

நோயாளி புகைப்பதைத் திடீரென நிறுத்தினால், சில நாட்களில் அந்நொதி குறைய, முன்னர் உண்ட அளவு மருந்தே மிகையாகிவிடும். கடும் தூக்கமும், குளோஸபின் உண்போர்க்கு வலிப்பும் நேரக்கூடும். மருத்துவமனையில் சேர்ந்து, புகைக்க இயலாத நிலையிலும் இதுவே நிகழும்.

இதற்கு அஞ்சிப் புகைப்பதைத் தொடர வேண்டுவதில்லை. புகையை விடுதல் நன்றே. ஆயின், விடுவதற்கு முன்னரே மருத்துவருக்கு அறிவித்து, மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளுதல் இன்றியமையாதது.