குண்டூசி உயரத்தில் ஓர் ஊர்

மேசைமேல் ஓடும் மாடல் ரயில் எந்த ஊரில் ஓடுகிறது என்பதை இன்ஜின் சொல்வதில்லை. நகத்தளவுப் பலகைகள் சொல்கின்றன. அவை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் வைட்ஃபீல்ட் ரயில் நிலையத்தை வீட்டு மேசைமேல் கட்ட நினைப்பவருக்கு முதல் எதிரி இடம். மாடல் ரயில் உலகில் அதிகம் புழங்கும் அளவு 'எச்.ஓ.' எனப்படும் 87ல் ஒரு பங்கு. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் 24 பெட்டிகள் கொண்ட ஒரு எக்ஸ்பிரஸை இந்த அளவில் செய்து நிறுத்தினால் ஏறக்குறைய 20 அடி நீளும். சாதாரண வீட்டில் கிடைப்பதோ 8 அடி மேசை. ஆகவே பெட்டிகள் ஆறோ ஏழோ ஆகின்றன. பிளாட்பாரம் சுருங்குகிறது. கன்டெய்னர் டிப்போ ஒரு மூலைக்குள் ஒடுங்குகிறது.

தண்டவாளத்திலும் சமரசம்தான். இந்திய பிராட்கேஜின் அகலம் 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்; அது ஐரோப்பிய, அமெரிக்க ரயில்களின் 1,435 மில்லிமீட்டருக்காகச் செய்தது. இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் அநேகம் பேர் அந்த மூன்று மில்லிமீட்டரைக் கண்டுகொள்வதில்லை. பார்க்கிறவர்களும் கண்டுபிடிப்பதில்லை.

பலகை விஷயம் அப்படியல்ல. சாலையோரத்தில் ஜெர்மன்காரர்களின் மஞ்சள் சாய்சதுரப் பலகை ஒன்று நின்றால் போதும், வைட்ஃபீல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். லெவல் கிராசிங்கில் அமெரிக்கர்களின் வெள்ளை எக்ஸ் கட்டை நின்றாலும் இதே கதி. ஜெர்மனியின் ஃபாலர், புஷ் போன்ற நிறுவனங்கள் வீடு, மரம், விளக்குக் கம்பம், போக்குவரத்துப் பலகை என்று சகலத்தையும் பெட்டியில் போட்டு விற்கின்றன. பெட்டிக்குள் இருப்பது அவர்கள் ஊர். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், பலகைகளும் வலப்பக்கம் நிற்கும் ஊர். அதில் 'எஸ்.டி.டி. பூத்' இருக்காது. கன்னட எழுத்து இருக்காது. சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணமும் இருக்காது.

ஆகவே இந்திய மாடல்காரர் கத்திரிக்கோலை எடுக்கிறார். கடைச் சரக்கை ஒட்டிச் சேர்க்காமல், கையில் அகப்பட்டதை வைத்து அடியிலிருந்து தானே கட்டுவதை இந்த வட்டாரத்தில் 'ஸ்கிராட்ச் பில்டிங்' என்பார்கள். மற்ற நாடுகளில் அது கெட்டிக்காரத்தனத்தின் அடையாளம். இங்கே வேறு வழியில்லை.

இந்த வேலைக்கு மூலநூல், இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்டிருக்கும் ஐ.ஆர்.சி. 67 என்ற விதித்தொகுப்பு. எச்சரிக்கை என்றால் சிவப்பு விளிம்புள்ள முக்கோணம், கட்டளை என்றால் வட்டம், 'நில்' மட்டும் எட்டுப் பக்கம். முக்கோணத்தின் முழு அளவு பக்கத்துக்கு 900 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 10.3. அதாவது சுண்டுவிரல் நகம். 600 மில்லிமீட்டர் வட்டப் பலகை 7 மில்லிமீட்டராகிவிடும். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. முக்கோணத்தின் சிவப்பு விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தூரிகையால் தீட்டிவிடலாம் என்று உட்காருகிறவர்கள் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள்.

கம்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது என்னும்படி அமைந்திருப்பது குண்டூசி. சாதாரணக் குண்டூசியின் நீளம் சுமார் 26 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கிப் பாருங்கள்: இரண்டேகால் மீட்டர். தடிமனும் இரும்புக் குழாய்க் கம்பத்தின் கணக்குக்கு ஒத்துவருகிறது. தலையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பல்குத்தும் குச்சி கூடவே கூடாது. அதன் தடிமன் 87 மடங்காகும்போது பலகைக்குக் கீழே பனைமரம் நட்ட மாதிரி ஆகிவிடும்.

பலகைத் தகட்டிலும் இதே பெருக்கல்தான் எஜமானன். விசிட்டிங் கார்டு மெல்லியது என்று நினைப்போம். 0.3 மில்லிமீட்டர் அட்டை நிஜ உலகில் இரண்டரை சென்டிமீட்டர் பலகை. மரப் பலகைக்குச் சரி, தகரத்துக்குச் சரியில்லை. குளிர்பான டின்னின் பக்கச் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். கத்தரித்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, முன்பக்கம் அச்சிட்ட தாளையும் பின்பக்கம் சாம்பல் நிறப் பெயின்ட்டையும் ஏற்றினால் தகரப் பலகை தயார். பின்பக்கத்தை மறக்கிறவர்கள் நிறையப் பேர். மேசையின் எதிர்ப்புறத்தில் நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் பின்பக்கம்தானே.

கிலோமீட்டர் கல்லுக்கு சாக்பீஸ். அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்த்துச் செதுக்குவது. தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. வண்ணம் மாறினால் சாலையின் அந்தஸ்தே மாறிவிடும்.

சிரமமான கட்டம் எழுத்து. ரோமன் எழுத்துகள் பெரும்பாலும் நேர்க்கோடுகள். தமிழில் 'ஞ'வும் 'ண'வும், கன்னடத்தில் அநேகமாக எல்லாமும் சுழிகள். நிஜப் பலகையில் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து மேசையில் 1.15 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி அடிக்கும் பிரிண்டரில் அந்த உயரத்துக்குள் 13, 14 புள்ளிகள் மட்டுமே அடங்கும். அதில் சுழிகள் அடைபட்டு எழுத்து கறுப்புப் பொட்டாகிவிடும். 600 புள்ளி என்றால் 27 கிடைக்கும். 'ண'வின் சுழிகள் ஒருவாறு திறக்கும். லேசர் பிரிண்டர் வீடுகளுக்கு வருவதற்கு முன்பு இருந்த வழி கேமராதான். நிஜப் பலகையை நேருக்கு நேர் நின்று படமெடுத்து, தேவையான அளவுக்குச் சிறிதாகப் பிரின்ட் போடச் சொல்வது. இதில் ஒரு லாபம் உண்டு. பலகையின் துரு, பாதி கிழிந்த போஸ்டர், யாரோ கீறிய காதல் எல்லாம் படத்தோடு சேர்ந்தே வந்துவிடும்.

கம்ப்யூட்டரில் வரைந்து அச்சிட்டவர் இவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அச்சிட்ட சிவப்பு சின்ன உருவத்தில் கண்ணைக் குத்தும். தூரத்துப் பொருள் வெளிறித் தெரிவதுதான் இயற்கை என்பதால் கொஞ்சம் வெண்மை கலந்து நிறத்தைக் குறைக்க வேண்டும். மேலே பளபளப்பில்லாத வார்னிஷ். அடிப்பாகத்தில் செம்மண் தூள். வைட்ஃபீல்டிலிருந்து கோலார் பக்கம் போகும் எவருடைய செருப்பிலிருந்தும் இதை இலவசமாகத் தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்டால், பலகை ஊரை மட்டும் சொல்வதில்லை, வருஷத்தையும் சொல்கிறது. வைட்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரை ஜோலார்பேட்டை வழியாகச் சென்னையோடு இணைத்த ரயில் பாதை 1864ல் வந்தது. மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், டி.எஸ். ஒயிட்டின் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்குக் குடியேற்றத்துக்காக 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தது 1882ல். தண்டவாளம் போட்டு 18 ஆண்டுகளுக்குப் பிறகுதான் வைட்ஃபீல்ட் என்ற பெயருக்கே ஆதாரம் கிடைக்கிறது. 1870ஆம் ஆண்டின் ஸ்டீம் இன்ஜினை வைட்ஃபீல்ட் பலகைக்கு முன்னால் நிறுத்தினால், இன்ஜின் எத்தனை தத்ரூபமாக இருந்தாலும் சரித்திரம் தவறு.

இந்தப் பக்கமும் அப்படியே. வடக்கே ஓடும் பழைய மெட்ராஸ் ரோட்டின் கல்லில் 4 என்ற எண் இருந்தால் அது 2010க்கு முந்தைய காட்சி. அந்த ஆண்டின் புதிய எண் முறையில் அந்தச் சாலை 75 ஆனது. 'பெங்களூரு' என்ற எழுத்து 2014 நவம்பரில் அதிகாரபூர்வமானது. தெருமுனையில் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தோடு 'எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.' என்றிருந்தால் அது செல்போனுக்கு முந்தைய வைட்ஃபீல்ட். மெட்ரோ ரயில் பயணிகளோடு ஓடினால் காலண்டரை 2023 மார்ச்சுக்குப் பிறகு திருப்ப வேண்டும். அப்போதுதான் காடுகோடி வரை மெட்ரோ வந்தது. அங்கே இன்னொரு சூட்சுமம். ரயில் நிலையப் பலகையில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழி. பக்கத்திலேயே உள்ள மெட்ரோ நிலையத்தில் கன்னடமும் ஆங்கிலமும்தான். 2017ல் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு பெங்களூர் மெட்ரோ இந்தியை இறக்கிவிட்டது. ஒரே மேசையில் இரண்டு நிலையங்களையும் கட்டுகிறவர் ஒரே மாதிரிப் பலகை அடித்தால் மாட்டிக்கொள்வார்.

இந்தப் பாதையில் கிழக்கே போகப்போக வேலை இன்னும் சுவாரசியமாகிறது. மாலூர், பங்காருபேட்டை வரை கன்னடம். குப்பத்தில் தெலுங்கு. பச்சூர், ஜோலார்பேட்டையில் தமிழ். மூன்று மணி நேரத்துக்குள் மூன்று மாநிலம், மூன்று லிபி. இன்ஜினும் பெட்டியும் அதேதான். ரயில் எல்லை தாண்டியது பலகையில்தான் தெரியும்.

பெயர்ப் பலகை என்றால் என்ன என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1952ல் பெரியாரின் திராவிடர் கழகம் ரயில் நிலையங்களில் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டம் நடத்தியது. அடுத்த ஆண்டு டால்மியாபுரம் ரயில் நிலையத்தில் மு. கருணாநிதி 'கல்லக்குடி' என்று எழுதிய தாளைப் பலகைமேல் ஒட்டித் தண்டவாளத்தில் படுத்தார். ஒரு தாளும் கொஞ்சம் பசையும் ஓர் அரசியல் வாழ்க்கையையே தூக்கி நிறுத்தின. அந்த நிலையத்தை மேசையில் கட்டுகிறவர் டால்மியாபுரம் என்று எழுதுவதா, கல்லக்குடி என்று எழுதுவதா, அல்லது ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டி ஓரம் சற்றுச் சுருண்டிருக்குமாறு விடுவதா? இந்த மூன்றாவதுதான் சரித்திரம். செய்வதற்கும் அதுதான் சுலபம்.

இந்தியாவில் பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய பெரிய மாடல் ரயில் ஊர் புனேயின் கோத்ரூட் பகுதியில் இருக்கிறது. பி.எஸ். ஜோஷி என்பவரின் வாழ்நாள் பித்து 1998 ஏப்ரல் 1 அன்று ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகமாகத் திறந்தது. சிக்னல்கள், மேம்பாலம், தெருவிளக்குகள் எல்லாம் இயங்கும் முழு நகரம் அது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001ல் தொடங்கிய மினியேச்சர் வண்டர்லேண்ட் இதைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே அமெரிக்கா ஒரு பக்கம், சுவிட்சர்லாந்து ஒரு பக்கம் என்று நாடுகளே மேசைமேல் இருக்கின்றன. எது எந்த நாடு என்று பார்வையாளர் தெரிந்துகொள்வதில் மலைக்குப் பாதிப் பங்கு என்றால் பலகைக்கு மீதிப் பாதி.

இத்தனை பலகைகளிலும் தவறவே கூடாத ஒன்று உண்டு: ஆளில்லாத லெவல் கிராசிங் எச்சரிக்கை. முக்கோணத்துக்குள் இருப்பது கதவு என்றால் கிராசிங்கில் கேட்கீப்பர் உண்டு. புகைவிடும் ஸ்டீம் இன்ஜின் என்றால் யாரும் இல்லை. பிராட்கேஜில் ஸ்டீம் இன்ஜின் 1995லேயே ஓய்வு பெற்றுவிட்டது. இந்த முக்கோணத்துக்குள் மட்டும் அது புகைவிட்டுக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட கிராசிங்கில் வண்டியை நிறுத்த வேண்டும், கண்டக்டரோ கிளீனரோ இறங்கி நடந்து போய் ரயில் வரவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 131ஆம் பிரிவு. செய்யாதவர்களால் பள்ளி வேன்களும் டிராக்டர்களும் சிதறிய செய்திகள் ஆண்டுதோறும் வந்தன. எல்லா லெவல் கிராசிங்குகளையும் ஐந்தாண்டில் ஒழிக்கச் சொல்லி அனில் ககோட்கர் குழு 2012ல் பரிந்துரைத்தது. பிராட்கேஜில் ஆளில்லாத கிராசிங்குகள் 2019 ஜனவரி இறுதியோடு முடிவுக்கு வந்தன. சுரங்கப்பாதையோ கேட்டோ வந்த இடங்களில் பழைய முக்கோணங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அவற்றை நினைவுக்காக யாரும் எடுத்து வைப்பதாகத் தெரியவில்லை, மேசைமேல் நடுகிறவர்களைத் தவிர.

நடும்போதுதான் விதி குறுக்கே வருகிறது. ஐ.ஆர்.சி. கணக்குப்படி கிராசிங்குக்கு 200 மீட்டர் முன்னால் இரட்டைச் சிவப்புப் பட்டையோடு ஒரு பலகை, 50 முதல் 100 மீட்டருக்குள் ஒற்றைப் பட்டையோடு இன்னொன்று. ரயில் டிரைவருக்காகத் தண்டவாளத்தோரம் 'விசில் அடி' என்று சொல்லும் மஞ்சள் பலகை 600 மீட்டர் தள்ளி. எச்.ஓ. அளவில் 200 மீட்டர் என்பது 2.3 மீட்டர், 600 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 7 மீட்டர். 8 அடி மேசையில் விசில் பலகை அடுத்த அறையில்தான் நிற்க முடியும்.

இங்கே எதைச் சுருக்கலாம் என்பது ரசனையைப் பொறுத்தது. விசில் பலகையை விட்டுவிடலாம்; ரயில் வளைவில் மறைந்த பிறகு எங்கோ இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இரட்டைப் பட்டையையும் விடலாம். ஆனால் ஒற்றைப் பட்டைப் பலகையைக் கிராசிங்குக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவது கூடாது. 50 மீட்டர் என்பது எச்.ஓ.வில் 57 சென்டிமீட்டர். அந்த இடத்தை ஒதுக்க முடிகிற மேசையில்தான் பலகையைப் படித்து பிரேக் போட மாட்டுவண்டிக்கும் லாரிக்கும் சாலை மிஞ்சுகிறது. சாலைக்கு இடப்பக்கமாக ஊசியால் துளை போட்டு, ஒரு துளி ஃபெவிகால் விட்டு, கம்பத்தை இறக்கி, காய்வதற்குள் ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்துவிட வேண்டும். நட்டுக்குத்தாக நிற்கும் பலகையை வைட்ஃபீல்டில் யார் பார்த்திருக்கிறார்கள்?